உப்பிட்ட மாங்காயும் செல் சவ்வும்: நீர் எந்த வழியாக வெளியேறுகிறது?

அச்சார்அம்மா (சாட்ஸ்வர்த்), ஞாயிறு மாலை 5.10

அனைவருக்கும் வணக்கம். நேற்றுக் காலை அச்சாருக்காக இரண்டு வாளி பச்சை மாங்காயை நறுக்கி, உப்பும் மஞ்சளும் பிசறி, வெள்ளைத் துணியால் மூடி வைத்திருந்தேன். மாலையில் துணியை விலக்கிப் பார்த்தால், ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றாத பாத்திரத்தில் துண்டுகள் பாதி மூழ்கிக் கிடந்தன. ஆண்டுதோறும் பார்க்கிற காட்சிதான். ஆனால் இம்முறை பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள் பக்கத்தில் நின்று, “இந்தக் கேள்வியில்தான் எனக்கு மூன்று மதிப்பெண் போயிற்று” என்றாள்.

ஆண்டிறுதித் தேர்வில், நீர் செல் சவ்வை எவ்வாறு கடக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். சவ்வின் கொழுப்புப் படலத்தினூடாக நீர் தானாகவே பரவிச் செல்லும் என்று அவள் எழுதியிருக்கிறாள். நான்குக்கு ஒன்றுதான் கிடைத்தது; புரதக் கால்வாய்களின் வழியே செல்கிறது என்பதுதான் சரியான விடையாம். அவளுடைய அண்ணன் படித்த பழைய பாடநூலை எடுத்துப் பார்த்தேன். அதில் மகள் எழுதியதுதான் இருக்கிறது. எது சரி என்று தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். சவ்வு நீரை மட்டும் விட்டு உப்பைத் தடுக்கும் என்றால், மூன்றாம் நாள் மாங்காய்த் துண்டு நடுப்பகுதி வரை உப்புக் கரிக்கிறதே, அது எப்படி?

ஓய்வாசிரியர் (டோங்காட்), ஞாயிறு மாலை 6.35

அம்மா, உங்கள் இரண்டாவது கேள்வி முதல் கேள்வியைவிட நல்ல கேள்வி. முப்பது ஆண்டுகள் உயிரியல் கற்பித்த எனக்கு அதை ஒரு மாணவரும் கேட்டதில்லை. எனவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

மாங்காய்ச் செல்லுக்கு இரண்டு உறைகள் உண்டு. வெளியே இருப்பது செல் சுவர். அது செல்லுலோஸ் இழைகளால் பின்னிய கூடை போன்றது. நீரும் உப்பும் அதனுள் தடையின்றிப் போய்வரும். அதற்குள் ஒட்டினாற்போல் இருப்பதுதான் செல் சவ்வு. காவல் காப்பது அதுதான். நீங்கள் உப்பைப் பிசறியவுடன், வெட்டிய பரப்பில் உள்ள ஈரத்தில் உப்புக் கரைந்து, செல்லுக்குள் இருக்கும் சாற்றைவிடப் பல மடங்கு செறிவான கரைசல் உருவாகிறது. நீர் உள்ளிருந்து வெளியே கசிகிறது. செல்லின் உள்ளடக்கம் சுருங்கி, சவ்வு சுவரிலிருந்து கழன்று வருகிறது. சுவருக்கும் சவ்வுக்கும் இடையே விழும் அந்த வெற்றிடத்தில் உப்புக் கரைசல்தான் வந்து நிரம்புகிறது. சிவப்பு வெங்காயத்தின் தோலை உப்புநீரில் இட்டு, பள்ளி நுண்ணோக்கியில் பார்த்தால், ஊதா நிற உள்ளடக்கம் சுவரை விட்டு ஒதுங்கி ஒரு மூலையில் குறுகி நிற்பதைச் சில நிமிடங்களில் காணலாம். அந்த நிலையில் நல்ல நீரை ஊற்றினால் செல் பழையபடி விரிந்துகொள்ளும். ஆனால் உப்பிலேயே ஊறிக் கிடந்தால் செல் இறந்துபோகும். இறந்த செல்லின் சவ்வு வெறும் கிழிந்த துணிதான். அதன் பிறகு உப்பு தங்குதடையின்றி உள்ளே நுழைகிறது. ஆகவே உங்கள் பாத்திரத்தில் முதல் நாள் நடந்தது சவ்வூடு பரவல். மூன்றாம் நாள் நடப்பது சாதாரணப் பரவல்.

“உப்பு தண்ணீரை உறிஞ்சுகிறது” என்பது சமையலறைக்குப் போதுமான விளக்கம். தேர்வுத்தாளில் அதை எழுதக் கூடாது. நீர் மூலக்கூறுகள் எப்போதும் இரு திசைகளிலும் போய்க்கொண்டும் வந்துகொண்டும்தான் இருக்கின்றன. கரைபொருள் மிகுந்த பக்கத்தில் நீரின் வெளியேறும் நாட்டம் குறைந்துவிடுகிறது. பாடநூல்கள் இதை நீரியல் திறன் குறைகிறது என்று சொல்லும். அதனால் கணக்குத் தீர்க்கும்போது, போனது மிகுதியாகவும் வந்தது குறைவாகவும் நிற்கிறது. 1748-ஆம் ஆண்டிலேயே நொலே என்ற பிரெஞ்சுக்காரர் சாராயம் நிரப்பிய பாத்திரத்தின் வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பைத் தோலால் கட்டி நீருக்குள் மூழ்க வைத்தபோது, தோல் வெளிப்புறமாகப் புடைத்து எழுந்ததைக் கண்டு எழுதிவைத்தார்.

மதிப்பெண் விஷயத்தில் நான் உங்கள் மகளின் பக்கம். நீர் சிறிய மூலக்கூறு. கொழுப்புப் படலத்தை நேரே கடக்கும் என்றுதான் நானும் கற்பித்தேன்.

ஃபீனிக்ஸ்தம்பி (ஃபீனிக்ஸ்), ஞாயிறு இரவு 7.50

ஐயா, எனக்கு ஒரு சந்தேகம். எண்ணெயும் நீரும் ஒட்டாது என்பது குழந்தைக்கும் தெரியும். சவ்வு கொழுப்பால் ஆனது என்றால் நீர் அதை எப்படிக் கடக்கும்? சிறியது போகும், பெரியது நிற்கும் என்று சவ்வை ஒரு சல்லடையாகக் கொண்டால் எல்லாம் விளங்கிவிடும் அல்லவா? நீர் சிறியது, எனவே போகிறது. சர்க்கரை பெரியது, எனவே நிற்கிறது. இதற்குமேல் என்ன இருக்கிறது?

கேப்தவளை (கேப்டவுன்), ஞாயிறு இரவு 9.20

தம்பி, சல்லடை என்ற எண்ணத்தைத்தான் முதலில் தூக்கி எறிய வேண்டும். பள்ளிப் பாடத்தில் இதைவிட அதிகமாகப் பிள்ளைகளைத் தவறான பாதையில் இட்டுச் செல்லும் உவமை வேறில்லை என்பது என் கருத்து. சோடியம் அயனி ஓர் ஒற்றை அணு; சர்க்கரையோடு ஒப்பிட்டால் கடுகளவு. ஆனால் கொழுப்புப் படலம் அதை உள்ளே விடாது. அதைவிடப் பல மடங்கு பெரிய ஸ்டீராய்டு ஹார்மோன்கள் தாமாகவே நழுவி உள்ளே போய்விடுகின்றன. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஓவர்ட்டன் என்பவர் நூற்றுக்கணக்கான பொருள்களைச் செல்களில் சோதித்து, கொழுப்பில் நன்றாகக் கரைவது எதுவோ அது விரைவாக உள்ளே போகிறது என்று கண்டார். பருமனைவிட உறவுதான் அங்கே எடுபடுகிறது.

இதைவிட வேடிக்கையானது பொட்டாசியம் கால்வாய். சோடியம் அயனி பொட்டாசியத்தைவிடச் சிறியது. ஆயினும் அந்தக் கால்வாய் பெரிய பொட்டாசியத்தை விட்டு, சிறிய சோடியத்தைத் தடுக்கிறது. நீரில் இருக்கும் அயனி தன்னைச் சுற்றி நீர் மூலக்கூறுகளைப் போர்வைபோல் போர்த்திக்கொண்டிருக்கும். கால்வாயின் குறுகலான இடத்தில் அந்தப் போர்வையைக் கழற்றியாக வேண்டும். கால்வாய்ச் சுவரில் வரிசையாக நிற்கும் ஆக்சிஜன் அணுக்கள் பொட்டாசியத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாற்றுப் போர்வையாக அமைகின்றன. சோடியத்துக்கோ அது தொளதொளவென்று இருக்கும். எனவே பழைய போர்வையை விட அதற்கு மனம் வராது. 1998-இல் ராடரிக் மெக்கினன் இந்த அமைப்பை எக்ஸ்-கதிர் மூலம் படம்பிடித்துக் காட்டினார்.

இனி நீருக்கு வருவோம். கொழுப்புப் படலத்தை நீர் நேரடியாகக் கடக்கவே கடக்காது என்பதும் தவறு. வெறும் கொழுப்பால் செய்த செயற்கைப் படலத்திலும் நீர் கசிகிறது. ஆனால் மெதுவாக. சிவப்பணுக்களின் சவ்வில் நீர் பாயும் வேகம் அந்தக் கசிவைக் கொண்டு விளக்க முடியாத அளவுக்கு அதிகம் என்பது 1950-களிலேயே ஆய்வாளர்களுக்குத் தெரிந்திருந்தது. வெப்பநிலையை மாற்றிப் பார்த்ததில் இன்னொரு துப்புக் கிடைத்தது. கொழுப்பினூடாகக் கசியும் நீர், குளிர்ந்தால் வெகுவாகத் தயங்கும். சிவப்பணுவிலோ அந்தத் தயக்கம் குறைவு. 1970-இல் பாதரசச் சேர்மம் ஒன்றைச் சேர்த்ததும் சிவப்பணுவின் நீர்ப்பாய்ச்சல் பெரிதும் தடைப்பட்டது. பாதரசம் புரதங்களில் உள்ள கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே அங்கே ஏதோ ஒரு புரதத் துளை இருக்க வேண்டும் என்ற ஐயம் வலுத்தது. எந்தப் புரதம் என்றுதான் யாருக்கும் பிடிபடவில்லை.

அதைப் பிடித்துக் கொடுத்தது நம் தென்னாப்பிரிக்கத் தவளை. என் புனைபெயரின் காரணமும் அதுதான். இங்கே குளங்களிலும் அணைகளிலும் கிடக்கும் நகமுள்ள, நாக்கில்லாத பிளாட்டானாத் தவளையை 1930-ஐ ஒட்டி கேப்டவுன் பல்கலைக்கழகத்தில் லான்ஸ்லாட் ஹாக்பன் ஆய்வுக்கு எடுத்தார். கர்ப்பிணியின் சிறுநீரை ஊசியால் ஏற்றினால், அது ஒரு நாளுக்குள் முட்டையிடும். அதுவே அக்காலத்துக் கர்ப்பப் பரிசோதனை ஆயிற்று. அந்தத் தேவைக்காக இங்கிருந்து கப்பலேறிய தவளைகள் உலக ஆய்வகங்கள் பலவற்றில் குடியேறிவிட்டன. இதன் முட்டைச் செல் கடுகைப் போல் கண்ணுக்குத் தெரியும் அளவில் இருக்கும். குளத்து நீரில் கிடந்தாலும் ஊதி வெடிக்காது, ஏனென்றால் அதன் சவ்வு நீரை எளிதில் விடுவதில்லை.

அமெரிக்காவின் பால்டிமோரில் பீட்டர் ஏகர் வேறு ஒரு சிவப்பணுப் புரதத்தைத் தேடும்போது, கேட்காமலே வந்த விருந்தாளியாக இன்னொரு புரதம் மிகுதியாகக் கிடைத்தது. அந்தப் புரதத்தைச் செய்வதற்கான கட்டளையைச் சுமக்கும் ஆர்.என்.ஏ.வை அவர் குழுவினர் இந்தத் தவளையின் முட்டைச் செல்லில் ஊசியால் செலுத்தி, சில நாள் பொறுத்து, நீர்த்த கரைசலில் இட்டார்கள். ஊசி போட்ட முட்டைகள் சில நிமிடங்களில் ஊதி வெடித்தன. பக்கத்திலேயே கிடந்த வெறும் முட்டைகள் ஏறத்தாழ அப்படியே இருந்தன. பாதரச உப்பைச் சேர்த்தபோது ஊசி போட்டவையும் ஊதுவது குறைந்தது. 1992-இல் வெளியான ஆய்வு இது. அக்குவாபோரின் என்ற பெயர் அந்தப் புரதத்துக்கு ஏற்பட்டது. 2003-இல் ஏகரும் மெக்கினனும் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

ஆகவே அம்மா, உங்கள் மகள் எழுதியது பொய்யன்று, பாதி உண்மை. விடைக்குறிப்பில் இருப்பதும் பாதி உண்மைதான். பிழை கேள்வியில் இருக்கிறது: எந்தச் செல் என்று சொல்லாமல் நீரின் வழியைக் கேட்கக் கூடாது. நான்குக்கு இரண்டாவது கொடுத்திருக்கலாம்.

ஓய்வாசிரியர் (டோங்காட்), திங்கள் காலை 6.15

கேப்தவளை அவர்களே, இரவு இரண்டு முறை படித்தேன். நான் கற்பித்ததில் திருத்தம் தேவை என்று ஒப்புக்கொள்கிறேன். 1992-க்குப் பிறகும் பல ஆண்டுகள் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதுதான் சற்று உறுத்துகிறது. ஆனால் ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. நீர் இவ்வளவு தாராளமாகப் போகும் துளை இருந்தால், அயனிகளும் அதே துளையில் ஒழுகிவிடாதா? குறிப்பாக ஹைட்ரஜன் அயனி. அது ஒரு நீர் மூலக்கூறிலிருந்து அடுத்ததற்கு, கட்டட வேலையில் செங்கலைக் கைமாற்றுவது போல, தாவித் தாவிப் போகக்கூடியது. நீர் வரிசையாக நிற்கும் குழாய் அதற்கு ராஜபாட்டை அல்லவா?

கேப்தவளை (கேப்டவுன்), திங்கள் காலை 7.40

ஐயா, சரியான இடத்தில் விரல் வைத்திருக்கிறீர்கள். அது ஒழுகினால் செல் பிழைக்காது. கால்வாயின் மிகக் குறுகிய இடம் ஏறத்தாழ ஒரு நீர் மூலக்கூறின் அகலம்தான். போர்வை போர்த்திய அயனி அங்கே நுழையாது. போர்வையைக் கழற்றினால் ஈடு செய்ய, பொட்டாசியம் கால்வாயில் இருப்பதுபோன்ற மாற்றுப் போர்வை இங்கே இல்லை. ஹைட்ரஜன் அயனியைத் தடுக்க, கால்வாயின் நடுவில் நேர்மின் தன்மையுள்ள பகுதிகள் அமைந்திருக்கின்றன. நேர்மின் கொண்டு வருவதை அவை விலக்கித் தள்ளும். அதோடு, நடுவில் வரும் ஒவ்வொரு நீர் மூலக்கூறும் திரும்பி நிற்க வேண்டியிருப்பதால், செங்கல் கைமாறும் வரிசை அங்கே அறுந்துவிடுகிறது. இத்தனை காவலுக்கும் நடுவே ஒரு கால்வாய் நொடிக்கு நூறு கோடிக்கும் மேற்பட்ட நீர் மூலக்கூறுகளை விடுகிறது.

கொழுப்புக் கசிவே போதும் என்றால் செல் எதற்காக இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்கலாம். கசிவை வேண்டியபோது திறந்து மூட முடியாது. சிறுநீரகம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீரை வடிகட்டி, ஒன்றரை லிட்டர் அளவே வெளியே விடுகிறது. உடலில் நீர் குறைந்தால், மூளையிலிருந்து வரும் வாசோபிரசின் என்ற ஹார்மோன், செல்லுக்குள் மடித்து வைத்திருக்கும் அக்குவாபோரின்களை எடுத்துச் சவ்வில் பொருத்தச் சொல்கிறது; தேவை தீர்ந்ததும் அவை திரும்ப உள்ளே போய்விடுகின்றன.

வெள்ளைச்சீருடை (பீட்டர்மாரிட்ஸ்பர்க்), திங்கள் பிற்பகல் 1.05

பேச்சு சவ்வைப் பற்றி இருப்பதால், செவிலியாக இருந்த நானும் ஒன்று சொல்லலாம் என்று நினைக்கிறேன். 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டில் எம்பாங்கேனிப் பக்கம் காலரா தொடங்கியபோது நான் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு நோய் கண்டது. இறந்தவர்கள் நூற்றுக்கு ஒருவரைவிடக் குறைவு. அதற்கு முக்கியமான காரணம், இந்த இழையில் இன்னும் யாரும் குறிப்பிடாத ஒரு சவ்வுப் புரதம்.

காலரா நஞ்சு குடல் செல்லின் குளோரைடு கால்வாய்களை மூடவிடாமல் திறந்து வைத்துவிடும். குளோரைடு குடலுக்குள் கொட்ட, சோடியம் பின்தொடர, நீர் இரண்டுக்கும் பின்னால் ஓடும். கடும் நோயாளிக்கு ஒரே நாளில் பத்து லிட்டருக்கு மேலும் போய்விடும். வெறும் தண்ணீர் கொடுத்தால் நிற்காது. வெறும் உப்புத் தண்ணீராலும் பெரிய பயன் இல்லை. ஆனால் குடல் செல்லில் இன்னொரு வாயில் இருக்கிறது: இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் ஒன்றாக வந்தால்தான் அது திறக்கும். நஞ்சு அதைத் தொடுவதில்லை. உப்பும் சர்க்கரையும் கைகோத்து உள்ளே போகும்போது, நீர் தானாக அவற்றின் பின்னால் வருகிறது. இப்படி இரண்டும் சேர்ந்து கடக்கின்றன என்ற கருத்தை ராபர்ட் கிரேன் 1960-இல் பிராக் நகரில் முன்வைத்தார். 1971-இல் வங்க அகதிகளின் முகாமில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலைப் பெரிய அளவில் கொடுத்துப் பலரின் உயிரைக் காத்தார்.

நம் நாட்டு மருந்தகங்களில் தாய்மார்களுக்குச் சொல்லும் அளவு, கொதித்து ஆறிய நீர் ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய எட்டுத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. ஒரு முறை ஒரு தாய், குழந்தைக்குத் தெம்பு வரட்டும் என்று இரு மடங்கு சர்க்கரை போட்டுக் கொடுத்திருந்தார். செறிவு மிகுந்த அந்தக் கரைசல் உடலின் நீரைக் குடலுக்குள் இழுக்க, பேதி கூடிவிட்டது. குழந்தையைத் தூக்கி வந்தபோது வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு அப்படியே நின்றது. அன்று அவரிடம், “உன் அச்சார் பாத்திரத்தில் நடப்பதுதான் அம்மா குழந்தையின் குடலிலும் நடந்தது” என்று சொன்னேன். பேதிக்குக் குளிர்பானம் கொடுப்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன்.

ஃபீனிக்ஸ்தம்பி (ஃபீனிக்ஸ்), திங்கள் மாலை 5.30

அக்கா, அந்த எட்டுத் தேக்கரண்டி ஏன் எட்டு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு தேக்கரண்டி சர்க்கரை சுமார் 4 கிராம் என்றால், லிட்டருக்கு 32 கிராம். அதைச் சர்க்கரையின் மூலக்கூறு எடையான 342-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 94 மில்லிமோல் (மில்லிமோல் என்பது துகள்களின் எண்ணிக்கையை அளக்கும் அலகு). உப்பு 3 கிராம் என்று வைத்தால் 51 மில்லிமோல். அது சோடியம், குளோரைடு என இரண்டாகப் பிரிவதால் 102. மொத்தம் 200-ஐ ஒட்டி வருகிறது. இரத்தத்தில் கரைந்துள்ள துகள்களின் அளவோ 290. குறைவாக இருக்கிறதே என்று முதலில் குழம்பினேன். பிறகுதான் தோன்றியது: நாம் போடும் சர்க்கரை குளுக்கோஸ் அன்று, குடலின் நொதி அதைக் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று இரண்டாக உடைக்கிறது. அப்போது 94 என்பது 188 ஆகி, மொத்தம் 290-ஐத் தொடுகிறது! தேக்கரண்டிக் கணக்கு என்பதால் இவ்வளவு கச்சிதத்தை நம்பிவிடக் கூடாது. இருந்தாலும் சர்க்கரையை இரு மடங்காக்கினால் எங்கே போய் நிற்கும் என்று தெரிகிறது.

சல்லடையைக் கைவிட்டேன். ஆனால் உள்ளே நுழைந்த சோடியம் அங்கேயே சேர்ந்துகொண்டிருந்தால் செல் ஊதிவிடாதா?

வெள்ளைச்சீருடை (பீட்டர்மாரிட்ஸ்பர்க்), திங்கள் இரவு 8.10

தம்பி, சேரவிடாமல் மறுபக்கச் சவ்வில் ஒரு இறைப்பான் இருக்கிறது. மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும்; ஒவ்வொரு சுற்றுக்கும் செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்று செலவு. டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கௌ 1957-இல் நண்டின் கால் நரம்பில் இதைக் கண்டார். நோபல் பரிசு 1997-இல்தான் வந்தது. குளுக்கோஸ் வாயில் தனக்கென்று ஏ.டி.பி. செலவழிப்பதில்லை, இந்த இறைப்பான் உண்டாக்கி வைத்த சோடியச் சரிவில் சறுக்கிக்கொண்டு சர்க்கரையையும் இழுத்து வருகிறது. நீரை நேரடியாக இறைக்கும் இறைப்பான் எதுவும் செல்லில் இல்லை. உப்பை நகர்த்தினால் நீர் தானாக வரும். உடல் நெடுகிலும் செய்வது அதைத்தான்.

ஓய்வாசிரியர் (டோங்காட்), திங்கள் இரவு 8.45

அம்மா, உங்கள் மகளுக்கு ஒரு வீட்டுச் சோதனை சொல்கிறேன். ஓடு கரைத்த முட்டையைச் சொல்ல மாட்டேன். அந்தத் தோல் புரத இழைகளால் ஆனதே ஒழிய, செல் சவ்வன்று. பீட்ரூட்டைத் துண்டு போடச் சொல்லுங்கள். வெட்டுப்பட்ட செல்களின் நிறம் போகும் வரை குழாய் நீரில் நன்றாகக் கழுவிவிட்டு, ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த நீர், இன்னொன்றில் வெந்நீர், மூன்றாவதில் கெட்டியான உப்புநீர் என்று இட்டுப் பார்க்கட்டும். சிவப்பு நிறம் செல்லின் உள்ளே சவ்வுகளால் அடைபட்டுக் கிடப்பது. அது வெளியே வந்தால் சவ்வு கெட்டது என்று பொருள்.

அச்சார்அம்மா (சாட்ஸ்வர்த்), புதன் காலை 7.05

மகள் நேற்று மாலை செய்து பார்த்தாள். வெந்நீர்க் கிண்ணம் சில நிமிடங்களில் இரத்தம்போல் சிவந்தது. குளிர்ந்த நீரில் கிடந்த துண்டுகள் இன்னும் விறைத்து, ஒடித்தால் ‘டக்’ என்று உடைந்தன. நீர் ஏறக்குறைய தெளிவாகவே இருந்தது. எங்களை நிறுத்தி வைத்தது உப்புக் கிண்ணம்தான். அரை மணி நேரத்தில் துண்டு ரப்பர்போல் துவண்டு, விரலில் சுற்றிக்கொள்ளும் அளவுக்கு வளைந்தது. நீர் அதைவிட்டுப் போய்விட்டது. ஆனால் கிண்ணத்தில் இலேசான இளஞ்சிவப்புக்கு மேல் நிறம் இறங்கவில்லை. மகள் அதில் ஒரு துண்டை எடுத்து நல்ல நீரில் போட்டாள்; அது மெல்ல மெல்ல நிமிர்ந்துகொண்டது.

மற்ற துண்டுகளை உப்பிலேயே விட்டுவிட்டுத் தூங்கப் போனோம். இன்று காலை பார்த்தால் அந்தக் கிண்ணமும் நன்றாகச் சிவந்திருக்கிறது. அதிலிருந்து ஒன்றை நல்ல நீரில் போட்டு ஒரு மணி நேரமாகிறது, நிமிரவில்லை. துண்டின் நடுவைக் கடித்துப் பார்த்து, “இப்போது உள்ளேயும் உப்பு” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். மாங்காயை வெயிலில் உலர்த்தியாகிவிட்டது. கடுகும் வெந்தயமும் இடித்து, இன்று எண்ணெய் ஊற்றுகிறேன்.